கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்ற பிரியாணி

பஸ்ஸில் ஏறாமலேயே போக்குவரத்துக் குழுவுக்குத் தலைவராக இருந்த ஒரே மனிதர், இந்தத் தேசத்தில் எங்கள் நிம்பு பாயாகத்தான் இருக்க வேண்டும். வேறு யாராவது இருந்தால் சொல்லுங்கள், எழுதுவதையே விட்டுவிடுகிறேன். பஸ் மட்டும் இல்லை. கார், வேன், ஷேர் ஆட்டோ எதில் உட்கார்ந்தாலும் தெருமுனை திரும்புவதற்குள் முகம் வெளிறிப் போய், வாயைப் பொத்திக்கொண்டு, "நிறுத்துப்பா, நிறுத்துப்பா" என்று கதவைத் தட்டுவார். அதனால் அவருடைய ஜிப்பா பாக்கெட்டில் எப்போதும் ஒரு எலுமிச்சம்பழம் இருக்கும். டீசல் வாசனை காற்றில் வந்தால்கூட அதை எடுத்து மூக்கில் வைத்துக்கொள்வார். எலுமிச்சம்பழத்துக்கு உருதுவில் நிம்பு. அவருடைய சொந்தப் பேர் ஓட்டர் லிஸ்டோடு சரி.

வேலூருக்கும் ஆம்பூருக்கும் நடுவில் இருக்கிற ஊர் எங்களுடையது. பேர் சொல்ல மாட்டேன். அங்கே நகராட்சி ஆபீஸில் இன்னும் நான் கிளார்க் வேலை பார்க்கிறேன், என் சோற்றில் நானே மண்ணைப் போட்டுக்கொள்வானேன். வெளியூர்க்காரர்கள் எங்கள் ஊரில் இறங்கியதும் தோல் பதனிடுகிற ஷாப்பு வாசனைக்கு மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள். நிம்பு பாய்க்கு அது ஒன்றுமே செய்யாது. ஷூ கம்பெனிகளுக்கு லேஸ், பக்கிள், பசை விற்கிற கடை வைத்திருந்தார். ஊறிக் கிடக்கிற தோலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து டீயும் பன்னும் சாப்பிடுவார். அதே மனுஷன் எதிரே ஒரு மொபெட் ஸ்டார்ட் ஆனால் எழுந்து போய்விடுவார்.

கவுன்சிலர் ஆனதும் அவரைப் போக்குவரத்துக் குழுவுக்குத் தலைவராகப் போட்டது சேர்மனுடைய வேலை. முன்னால் இருந்த தலைவர் 'ஆய்வு' என்று ஆபீஸ் ஜீப்பை எடுத்துக்கொண்டு ஏலகிரி மலை வரைக்கும் குடும்பத்தோடு போய் வந்தவர். சேர்மன் இந்தத் தடவை உஷாராகிவிட்டார்.

"பாய், உங்களுக்குதான் வண்டியே ஆகாதே. நீங்க இருந்தீங்கன்னா ஜீப்பு பத்ரமா இருக்கும்" என்றார். நிம்பு பாய் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு சலாம் வைத்தார்.

முதல் சோதனை, மினி பஸ் தொடக்க விழா. குழுத் தலைவர்தான் முதல் பயணி என்று நோட்டீஸிலேயே போட்டுவிட்டார்கள். கழுத்தில் ரோஜா மாலை, கையில் எலுமிச்சம்பழம், டிரைவருக்குப் பக்கத்து சீட். மேளம் கொட்டி வண்டி கிளம்பியது. மார்க்கெட் முனைகூட வரவில்லை, மாலையோடு இறங்கிவிட்டார். இறங்கினாரே தவிர விழாவை விடவில்லை. பஸ்ஸுக்குப் பின்னாலேயே கை ஆட்டிக்கொண்டு நடந்து வந்தார். மார்க்கெட் நெரிசலில் பஸ் மாட்டிக்கொண்டது, இவர் சந்து வழியாகப் புகுந்து பஸ் ஸ்டாண்டுக்கு முதலில் வந்து சேர்ந்துவிட்டார். கடைசியில் பஸ்ஸை வரவேற்று மாலை போட்டதும் இவர்தான். அதிலிருந்து யார் டவுன் பஸ் வரவில்லை என்று மனு கொடுத்தாலும், "இன்னாத்துக்கும்மா பஸ்ஸு, நடந்தா சீக்கிரமா போய்டலாம்" என்று ஆரம்பித்துவிடுவார். மனு கொடுத்தவர்கள் தலையில் அடித்துக்கொண்டு போவார்கள்.

இப்போது என் வீட்டு விஷயத்துக்கு வர வேண்டும். அது இல்லாமல் இந்தக் கதை இல்லை.

எங்கள் ஊரை ரயில் தண்டவாளம் இரண்டாகப் பிளந்துகொண்டு போகிறது. வீடுகள் எல்லாம் வடக்கே. ஹைவேயும் கம்பெனி பஸ் நிற்கிற இடமும் தெற்கே. நடுவில் ரயில்வே கேட். காலையிலும் மத்தியானத்திலும் சிக்னல் கிடைக்காத குட்ஸ் வண்டி ஒன்று கேட்டை அடைத்துக்கொண்டு நிற்கும், எப்போது கிளம்பும் என்று அதற்கே தெரியாது. ஸ்டேஷன் படிக்கட்டுப் பாலம் வழியாகச் சுற்றிப் போனால் கம்பெனி பஸ் போய்விடும். பஸ்ஸை விட்டால் அரை நாள் சம்பளம் போச்சு. அதனால் ஷூ கம்பெனிக்குப் போகிற பெண்கள் டிபன் பாக்ஸை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, குட்ஸ் வண்டிக்கு அடியில் குனிந்து புகுந்து அந்தப் பக்கம் போவார்கள். என் மனைவி கோமதி அப்படிப் போகிறவர்களில் ஒருத்தி. தையல் செக்‌ஷனில் வேலை.

அப்போது அவளுக்கு ஆறாவது மாசம்.

"சுத்திதான் போறேன், நீங்க சும்மா இருங்க" என்பாள். சாயங்காலம் அவள் துப்பட்டாவைப் பார்த்தால் நுனியில் கறுப்பாக கிரீஸ் ஒட்டியிருக்கும். வேலையை விட்டுவிடு என்று சொல்லிப் பார்த்தேன். உங்க சம்பளத்துல வாடகை குடுத்துட்டு இன்னா மிஞ்சுது என்று கேட்டாள். கடைசியில் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம். கம்பெனி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும். இரண்டு ரிங் போதும். அந்த இரண்டு ரிங் வருகிற வரைக்கும் ஆபீஸில் நான் எந்த ஃபைலையும் பிரித்ததில்லை. போனை மேஜை மேல் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். கூட இருக்கிறவர்கள் நான் தியானம் பண்ணுவதாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள்.

ஒரு நாள் அவள் பையில் எலுமிச்சம்பழம் இருந்தது. மறுநாளும் இருந்தது. ஏது என்று கேட்டேன்.

"கேட்டாண்ட ஒரு பாய் நிப்பார்ங்க. எனக்கு வாந்தி வந்த நாள்லருந்து தினம் ஒண்ணு குடுக்கறார். 'இந்தக் கஷ்டம் எனக்குத் தெரியும்மா'ன்றார்."

அந்தக் கஷ்டம் தெரிந்த பாய் எங்கள் ஊரில் ஒருத்தர்தானே. அன்றிலிருந்து நிம்பு பாயைக் கிண்டல் பண்ணுகிறவர்களோடு சேர்ந்து சிரிக்க எனக்கு வாய் வரவில்லை.

இந்த நேரத்தில்தான் வேலூர் கலெக்டர் ஆபீஸிலிருந்து கடிதம் வந்தது. சுற்றுவட்டார ஊர்களுக்கெல்லாம் சேர்த்து ரோடு, பாலம் கட்டப் பணம் வருகிறது, ஒவ்வொரு ஊரும் முதலில் எது வேண்டும் என்று மன்றத்தில் தீர்மானம் போட்டு அனுப்ப வேண்டும், முதலில் சொல்வதைத்தான் எடுத்துக்கொள்வோம் என்று எழுதியிருந்தார்கள். சேர்மனுக்குக் கொஞ்சமும் சந்தேகம் இல்லை. ஹைவே மேல் மேம்பாலம்தான். "எந்த ஊர்க்குப் போனாலும் பாலத்து மேல ஏறி எறங்கறோம். நம்ம ஊர்ல மட்டும் தரையிலயே போறோம், மானம் போவுது" என்று ஆபீஸிலேயே சொல்லிக்கொண்டிருந்தார். பாலம் வந்தால் எந்தத் தூணில் யார் படம் என்பது வரைக்கும் பேசி முடித்தாகிவிட்டது. கேட்டுக்கு அடியில் நடந்து போக ஒரு சப்வே வேண்டும் என்று நிம்பு பாய் மட்டும் சொன்னார். வண்டியிலேயே போகாத ஆளுக்கு சப்வே தவிர வேறு என்ன தெரியும் என்று சிரித்துவிட்டார்கள்.

எங்கள் மன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு. கூட்டம் என்றால் பிரியாணி. ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு கவுன்சிலர் முறை வைத்துப் போடுவார். வாசலில் பிரியாணி அண்டா, எங்கள் ஊர்ப் பேச்சில் தேக்சா, 'ணங்'கென்று இறங்குகிற சத்தம் கேட்டதோ இல்லையோ, பேச்சு முடிந்தது. மீதி இருக்கிற தீர்மானங்களை சேர்மன் மடமடவென்று படிப்பார், எல்லாரும் மேஜையைத் தட்டுவார்கள், பாஸ். எதையாவது சத்தமில்லாமல் பாஸ் பண்ண வேண்டுமென்றால் சேர்மன் அதைக் கடைசியில்தான் வைப்பார். மேம்பாலத்தையும் அங்கேதான் வைத்திருந்தார்.

அந்தக் கூட்டத்துக்குப் பிரியாணி தன் முறை என்று நிம்பு பாய் வலிய வந்து சொன்னார். சேர்மனுக்கு சந்தோஷம். பாய் போடுகிற பிரியாணி என்றால் சும்மாவா.

கூட்டம் நடந்தது. குடிதண்ணீர், தெருவிளக்கு, நாய் பிடிப்பது எல்லாம் முடிந்தது. மணி ஒன்று ஆனது, தேக்சா சத்தம் வரவில்லை. சேர்மன் மேம்பாலத் தீர்மானத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசலையே பார்த்தார். சத்தம் வராமல் எப்படி முடிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. வேறு வழியில்லாமல் பேசச் சொன்னார். நிம்பு பாய் எழுந்து சப்வே பற்றிப் பேசினார். ஒருத்தர் காதிலும் விழவில்லை, எல்லார் காதும் வாசலில் இருந்தது. சுகர் இருக்கிற கவுன்சிலர் அம்மா ஒருத்தர், தலை சுற்றுகிறது என்று மேஜையில் சாய்ந்துவிட்டார். கடைசியில் சேர்மனே பிரியாணி சமைக்கிற பண்டாரிக்குப் போன் போட்டார்.

போனை வைத்துவிட்டு நிம்பு பாயை முறைத்தார். "இன்னா பாய், ஊர்ல வேற பண்டாரியே கெடைக்கலியா? கேட்டுக்கு அந்தப் பக்கம் ஆர்டர் குடுத்துக்கிறீங்க. குட்ஸ் நிக்குதாம்."

"அந்தப் பக்கம்தான் நல்லா செய்வான் சேர்மன்" என்றார் நிம்பு பாய், எலுமிச்சம்பழத்தை உருட்டிக்கொண்டே.

மொத்த மன்றமும் கேட்டுக்கு நடந்தது. மினிட்ஸ் புக்கைத் தூக்கிக்கொண்டு நானும் பின்னால் ஓடினேன். கூட்டம் முடியவில்லையே, விட்டுவிட்டுப் போக முடியுமா. கேட்டில் குட்ஸ் வண்டி அசையாமல் நின்றது. இரண்டு பெட்டிக்கு நடுவிலிருந்த சந்து வழியாகப் பார்த்தால் அந்தப் பக்கம் தள்ளுவண்டி, அதன் மேல் தேக்சா, பக்கத்தில் பண்டாரி பீடி பிடித்துக்கொண்டு நிற்கிறான். வாசனை மட்டும் தாராளமாக வந்தது. கத்தரிக்காய் பச்சடி வாசனையைக்கூடத் தனியாகப் பிரித்துச் சொல்ல முடிந்தது.

கால் மணி நேரம் பொறுத்தார் சேர்மன். பிறகு, குனிஞ்சு போய் கொஞ்சம் கொஞ்சமா வாங்கிட்டு வாங்கப்பா என்றார். ஒருத்தரும் நகரவில்லை. "பொம்பளைங்களே தினம் பூந்து போறாங்க, உங்களுக்கு இன்னா கேடு" என்று திட்டிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரே பெட்டிக்கு அடியில் குனிந்தார். நிம்பு பாய், "சேர்மன், வேணாம்" என்று ஓடி வருவதற்குள் தலையும் தோளும் உள்ளே போய்விட்டது. சேர்மன் பெரிய உடம்புக்காரர். வேட்டி ஏதோ கொக்கியில் மாட்டிக்கொண்டது. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை.

அப்போது தூரத்தில் இன்ஜின் ஹாரன் அடித்தது.

குட்ஸ் வண்டி கிளம்பும்போது ஒரு சத்தம் வரும். முன் பெட்டி இழுபட்டு, அடுத்த பெட்டி இழுபட்டு, 'டமார் டமார்' என்று வரிசையாக நம்மை நோக்கி வரும். அந்தச் சத்தம் வந்தது. சுகர் இருக்கிற அந்தக் கவுன்சிலர் அம்மா அலறினார். நிம்பு பாய் மண்ணில் விழுந்து சேர்மனுடைய ஒரு காலைப் பிடித்தார், மினிட்ஸ் புக்கைத் தூக்கி எறிந்துவிட்டு நான் இன்னொரு காலைப் பிடித்தேன். வேட்டி கிழிகிற சத்தம் கேட்டது, சேர்மன் எங்கள் மேலேயே வந்து விழுந்தார். அடுத்த மூச்சு விடுவதற்குள் எங்கள் முன்னால் இருந்த பெட்டியும் 'டமார்' என்று அசைந்து நகர்ந்தது. வேட்டி மட்டும் அதோடு ஜோலார்பேட்டை பக்கம் போய்விட்டது.

சேர்மன் கோடு போட்ட டிராயரோடு ஜல்லி மேல் உட்கார்ந்திருந்தார். ஊரே பார்த்தது, ஒருத்தரும் சிரிக்கவில்லை. நிம்பு பாய் தோள் துண்டை எடுத்து அவர் இடுப்பில் சுற்றிவிட்டார். பிறகு எலுமிச்சம்பழத்தைக் கொடுத்தார். சேர்மன் அதை வாங்கி மூக்கில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

"தினம் இப்டிதான் போறாங்களா பாய்?"

"தினம்தான். மாசமா இருக்கற பொண்ணுங்ககூட."

மன்றக் கூட்டத்தில் கிளார்க் வாய் திறக்கக் கூடாது. எழுதத்தான் வேண்டும். ஆனால் என்னால் முடியவில்லை.

"என் சம்சாரமும் போறா சார். ஆறாவது மாசம்" என்றேன்.

சேர்மன் என்னை நிமிர்ந்து பார்த்தார். இத்தனை வருஷத்தில் அவர் என் முகத்தைப் பார்த்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன். வண்டி போய்விட்டது, கேட் திறந்துவிட்டது, பண்டாரி தேக்சாவைத் தள்ளிக்கொண்டு எங்களைத் தாண்டிப் போகிறான், ஒருத்தர்கூட அதன் பின்னால் ஓடவில்லை.

மறுபடி மன்றத்தில் உட்கார்ந்தோம். வாசலில் தேக்சா 'ணங்'கென்று இறங்கியது. வழக்கம்போல எல்லாரும் மேஜையைத் தட்டக் கை தூக்கினார்கள். சேர்மன் துண்டைப் பிடித்துக்கொண்டு எழுந்து, "இருங்க" என்றார். "மேம்பாலம் அப்புறம் பாத்துக்கலாம். இந்த ஊருக்கு மொதல்ல சப்வே. இப்ப தட்டுங்க." அன்றைக்குத் தட்டியதில் ஒரு மேஜையில் கால் ஆடிப்போய், இன்றைக்கும் அதற்கு அட்டை மடித்து முட்டுக் கொடுத்திருக்கிறோம். பிரியாணி ஆறித்தான் போயிருந்தது. ஆனாலும் தேக்சாவில் ஒரு பருக்கை மிஞ்சவில்லை.

சாயங்காலம் நிம்பு பாயைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன், எல்லாம் உங்கள் ஏற்பாடுதானே என்று.

"குட்ஸ் வண்டி இன்னா என் மாமனார் வண்டியா தம்பி, நான் சொன்னா நிக்கறதுக்கு?" என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அந்தப் பக்கத்து பண்டாரிகிட்ட குடுத்தது வேணும்னேதான். ஒரு மணி நேரம் பசில நின்னா கேட்டுன்னா இன்னான்னு தெரியும்னு நெனச்சேன். அந்த ஆள் போய் உள்ள பூந்துடுவார்னு கனவா கண்டேன்? என் உசுரே போய்டுச்சு தம்பி." அவர் கண் கலங்கியிருந்தது. அல்லாவுக்குப் பத்து தடவையாவது நன்றி சொல்லியிருப்பார்.

தீர்மானத்தை வேலூர் கூட்டத்தில் எடுத்துச் சொல்லக் குழுத் தலைவர்தான் போக வேண்டும் என்று சேர்மன் சொல்லிவிட்டார். அது பழிவாங்கலா மரியாதையா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. விடியற்காலையில் பஸ் ஏறினார், பள்ளிகொண்டாவில் இறங்கி வாந்தி. அடுத்த பஸ் பிடித்து விரிஞ்சிபுரத்தில் இறங்கி ஒரு வாந்தி. இப்படி இறங்கி ஏறி வேலூர் சேர்ந்தபோது அவர் முகமும் எலுமிச்சம்பழமும் ஒரே நிறத்தில் இருந்ததாம். மற்ற ஊர்க்காரர்கள் ஆளுக்கு அரை மணி நேரம் மேம்பாலம் பற்றிப் பேசியிருக்கிறார்கள். இவர் மைக்கைப் பிடித்து, "எங்க ஊர் பொம்பளைங்க ரயிலுக்கு அடியில போறாங்க. சப்வே குடுங்க" என்று சொல்லிவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடிவிட்டார். மனுஷன் மனசு தாங்காமல் அழுதுகொண்டு போகிறார் என்று அதிகாரிகள் நினைத்துக்கொண்டார்களாம். எங்கள் சப்வே சாங்ஷன் ஆனது.

சாங்ஷன் ஆனால் மறுநாளே கட்டிவிடுவார்களா. அதுவரைக்கும் என்ன செய்வது என்று நான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தபோது, நிம்பு பாய் ஒரு வேலை செய்தார். தினமும் காலையில் போய்க் கம்பெனி பஸ்ஸுக்கு முன்னால் குறுக்கே நின்றுகொண்டார். பஸ்ஸில் ஏறத் தெரியாத மனுஷன் பஸ்ஸை நிறுத்தக் கற்றுக்கொண்டுவிட்டார். புகை முகத்தில் அடிக்கும், இவர் எலுமிச்சம்பழத்தை மூக்கில் அழுத்திக்கொண்டு, "பொண்ணுங்க பாலத்துல சுத்தி வர்றாங்க, கொஞ்சம் இருப்பா" என்பார். கடைசிப் பெண் ஏறின பிறகுதான் நகர்வார். டிரைவர்களுக்குப் பேஜார்தான். ஆனால் கவுன்சிலர் மேல் யார் வண்டியை ஏற்றுவது. கோமதி வளைகாப்பு முடிந்து அவள் அம்மா வீட்டுக்குப் போகிற வரைக்கும் அவள் துப்பட்டாவில் கிரீஸ் ஒட்டவில்லை. நான் காலையில் நிம்மதியாக ஃபைல் பிரிக்க ஆரம்பித்தேன்.

எங்கள் பெண் நடக்க ஆரம்பித்த பிறகுதான் சப்வே திறந்தது. அன்றைக்குக் கோமதி மிஸ்டு கால் கொடுக்கவில்லை, போனே பண்ணினாள். "நடந்தே வந்துட்டேங்க. குனியவே இல்ல" என்றாள். நான் ரெக்கார்ட் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதுவிட்டு வந்தேன். மழை பெய்தால் சப்வேயில் முழங்கால் தண்ணீர் நிற்கிறது என்பதும் உண்மை. அதற்கும் நிம்பு பாய்தான் எங்களைக் கிழிகிழியென்று கிழிப்பார், ஏதோ நான்தான் மழையை வரவழைத்த மாதிரி.

போன மாசம் ஒரு காலையில் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். பை நிறைய எலுமிச்சம்பழம். பெங்களூரில் கட்டிக்கொடுத்த அவருடைய மகள் மாசமாக இருக்கிறாளாம், அசையக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்த வீட்டுக்கு இவர் போனதே இல்லை, மகள்தான் வந்துகொண்டிருந்தாள். இப்போது அவள் வர முடியாது.

"கார் பேசி வெச்சிருக்கேன் தம்பி. போயே ஆவணும்" என்றார். முகம் அப்போதே வெளிறியிருந்தது.

"முடியுமா பாய்?"

"முடியாது. ஆனா போறேன்."

இறங்கினதும் ரெண்டு ரிங் குடுங்க பாய் என்று சொல்லி அனுப்பினேன். கார் ஹைவே பக்கம் திரும்புகிற வரைக்கும் நின்று பார்த்துவிட்டு உள்ளே வந்தேன். போனை மேஜை மேல் வைத்தேன். ஒரு ஃபைலையும் பிரிக்க முடியவில்லை. வாணியம்பாடி தாண்டியிருப்பாரா, கிருஷ்ணகிரியில் எத்தனை தடவை இறங்கியிருப்பார், தண்ணீர் குடித்தாரா இல்லையா என்று அதே நினைப்பு. பக்கத்து சீட்டுக்காரர், "இன்னா சார், மறுபடி தியானமா" என்று கேட்டார்.

மத்தியானத்துக்குமேல் போன் அடித்தது. இரண்டு ரிங். நின்றுவிட்டது.

பாய் மகள் வீட்டில் இறங்கிவிட்டார். நான் ஃபைலைப் பிரித்தேன்.